கரைப் போன், கடல் போன்

எங்கள் வீட்டில் திரை வைத்த எந்தப் பொருள் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவது என்னைத்தான். டிவியில் கோடு விழுந்தால் நான். ரேஷன் கடை மிஷினில் அம்மாவின் கைரேகை பதியாவிட்டால் நான். பக்கத்து வீட்டு வாஷிங் மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் நான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அதற்கு மேல் படித்ததும் கம்ப்யூட்டர் சயன்ஸ். மூன்று வருடப் படிப்பில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது கணினியின் ஐந்து தலைமுறைகளின் பெயர்கள் மட்டுமே. இதை நான் வீட்டில் சொன்னதில்லை. படித்தவன் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல் இருந்தது.

அப்பாவுக்குக் கடல் தொழில். ஃபைபர் போட்டில் கூட்டாளி ஒருவரோடு விடியுமுன் போனால் மதியம் திரும்புவார். அவரிடம் ஒரு பொத்தான் போன் இருந்தது. எண்ணெல்லாம் அழிந்து, எது ஐந்து எது எட்டு என்று விரலுக்கு மட்டும் தெரிந்த போன். பாலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, இடுப்பில் செருகியிருப்பார். அந்தப் போனில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. அதற்கென்று ஒரு பாஷை இருந்தது. திரும்பி வரும்போது சிக்னல் பிடிக்கிற இடம் வந்ததும் அம்மாவின் போனுக்கு மிஸ்டு கால் விடுவார். ஒரு தடவை அடித்து நின்றால், வந்துகொண்டிருக்கிறேன், உலையை வை. இரண்டு தடவை என்றால் மீன் கூடுதல், ஐஸ் சொல்லி வை. மூன்று தடவை என்றால் இன்ஜின் நின்றுவிட்டது, தம்பியை அனுப்பு.

மூன்று தடவை அடித்தது என் நினைவில் இரண்டே முறை. இரண்டு முறையும் சித்தப்பா தன் போட்டில் போய்க் கட்டி இழுத்து வந்தார். பேசினால் தனியாகக் காசு கிடையாது என்றாகிப் பல வருடமான பிறகும் இந்தப் பாஷை மாறவில்லை. "பேசி என்னத்துக்கு? காத்துல ஒண்ணுங் கேக்காது" என்பார் அப்பா.

மிஸ்டு கால் எங்கிருந்து வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. பார் என்று சொல்வோம். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அது ஒரு பாகம். அந்தப் பாரில் ஆழம் பதினாறு பாகம். ஒரு காலத்தில் அங்கே முத்துச்சிப்பி கிடந்ததாம். இப்போது சிக்னல் கிடக்கிறது. அதுவும் எல்லாக் கம்பெனிச் சிக்னலும் இல்லை. அப்பாவுடைய கம்பெனியின் சிக்னல் மட்டும்தான் அவ்வளவு தூரம் வரும். கூட்டாளி வைத்திருப்பது வேறு கம்பெனி. துறைமுகத்தை விட்டுக் கொஞ்சம் விலகியதுமே அவர் போன் மூச்சை விட்டுவிடும். ஆக, அந்தப் போட்டில் இரண்டு உயிருக்கும் சேர்த்து ஒரே போன், அந்தப் பொத்தான் போன்.

அதைத்தான் நான் மாற்றினேன்.

மாமா கப்பலில் இருந்து லீவில் வந்திருந்தார். அம்மாவுக்கு அண்ணன், ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானத்தகப்பன். ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒரு பொருளோடு வருவார். வந்த பிறகுதான் அது எதற்கு என்று நாங்கள் கண்டுபிடிப்போம். ஒரு முறை முட்டையை மட்டும் அவிக்கிற மிஷின் கொண்டுவந்தார். இந்த முறை ஜப்பானில் வாங்கிய போன். கறுப்பாக, வழவழவென்று, கையில் வைத்தால் குளிர்ந்தது.

"இது மச்சானுக்கு," என்றார் மாமா. "இன்னும் அந்தப் பொத்தான் போனத் தூக்கிட்டுத் திரியுதாரு. பாக்கவே கேவலமா இருக்கு. ஏல மருமவனே, இது நம்மூரு சிம்முக்கு ஒத்து வருமான்னு பாத்துச் சொல்லு. நீதான படிச்சவன்."

அப்பா அந்தப் போனைத் தொடவில்லை. "இருக்கதே நல்லாத்தான இருக்கு" என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். விடாமல் நின்றது நான்தான். அப்பா போவதற்கு முன்னாலேயே காற்று எப்படி மாறும் என்று படத்தில் பார்க்கலாம், போட் எங்கே நிற்கிறது என்று நான் ஆபீசில் இருந்தே வரைபடத்தில் பார்க்கலாம் என்றெல்லாம் விளக்கினேன். அவ்வளவையும் மனசார நம்பித்தான் சொன்னேன். கடலில் இருக்கிற அப்பாவின் ஒரு மிஸ்டு காலுக்காக அம்மா காத்திருப்பது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளிக்காகக் காத்திருப்பது எந்த விதத்தில் நாகரிகம் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சாப்பிட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். முதலில் பூட்டு. வெளிநாட்டுப் போன்களில் சிலவற்றை அந்த ஊர்க் கம்பெனி தன் சிம் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டியிருக்கும். இதில் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன், பூட்டு இல்லை. முதல் வெற்றி. அடுத்து, போன் மாடலையும் நாட்டையும் கம்பெனியையும் கொடுத்தால் ஒத்து வருமா வராதா என்று சொல்கிற ஒரு இணையதளம். கொடுத்தேன். ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு அட்டவணை வந்தது. கம்பெனி எந்தெந்த அலைவரிசையில் சிக்னல் விடுகிறதோ அவற்றுக்கெல்லாம் ஆளுக்கொரு எண். சில எண்களுக்கு நேரே பச்சை டிக். ஐந்து என்ற எண்ணுக்கு நேரே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே, 'பகுதியளவு ஒத்து வரும்.'

மாமா எட்டிப் பார்த்து, "என்னல போட்டிருக்கு?" என்றார்.

"பெரும்பாலும் வேலை செய்யும்னு போட்டிருக்கு மாமா."

"அந்தச் சிவப்பு?"

"அது ஒண்ணுதான். மத்தது எல்லாம் பச்சைதான."

பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்கிற ஊரில் வளர்ந்தவன் நான். இங்கே எண்பது சதவீதம் பச்சை. டிஸ்டிங்ஷன்.

மறுநாள் மாலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். முதலில் கம்பெனியின் ஷோரூம். ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே டை கட்டிய ஒரு பையன். வயதில் என்னைவிடச் சின்னவன், ஆனால் டை இருந்தது.

"சார், இந்த மாடல் எங்க லிஸ்ட்ல இல்ல சார்."

"லிஸ்ட்ல இல்லன்னா வேலை செய்யாதா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார்."

"அப்போ வேலை செய்யும்."

"அப்படியும் சொல்ல முடியாது சார். சிம் போட்டுப் பாருங்க, டவர் வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்."

இந்தப் பதிலைச் சொல்வதற்கு ஏசியும் டையும் வேண்டியிருந்தது. கூடவே, தினமும் கூடுதல் டேட்டா வருகிற ஒரு பிளான் பற்றியும் சொன்னான். அப்பா அவன் சொல்வதை எல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஏசிக்கு நேராக இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்தது மொபைல் கடை அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கத்து ஆள். உப்புக் காற்றில் செத்துப்போகும் போன்களைப் பிழைக்க வைத்தே மேலே வந்தவர். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஜப்பான் மாலு! எங்கன தம்பி புடிச்சீய?" என்றார். பொத்தான் போனில் இருந்த சிம் பழைய அளவு, பெரியது. புதுப் போனுக்கு நகத்தளவு சிம்தான் வேண்டும். அண்ணாச்சி ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவியை எடுத்தார். சிம்மை வைத்து ஒரே அழுத்து. ஓரமெல்லாம் உதிர்ந்து நடுப்பகுதி மட்டும் மிஞ்சியது. அப்பாவின் முகம் கொஞ்சம் மாறியது. பதினைந்து வருட நம்பர் அது.

சிம்மைச் செருகினார். போன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மேல் மூலையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி நின்றன.

"ஃபுல் டவர்!" என்றார் அண்ணாச்சி, தானே கொடுத்த மாதிரி.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, இது பதினாறு பாகத்துல எடுக்குமா?"

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "அண்ணாச்சி, இதுல நாலு கேமரா இருக்கு" என்றார்.

"அதில்ல. பார்ல நிக்கும்போது..."

"அப்பா, சும்மா இரிங்க," என்றேன் நான். "அதெல்லாம் இவங்ககிட்டப் போயி கேக்கக் கூடாது."

கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். கணினி படித்த மகனோடு வந்து அப்பா பாகக் கணக்கில் போன் விசாரிக்கிறார் என்று எனக்குக் கூச்சம். அந்த இரண்டு நாளில் இணையதளம், டை கட்டிய பையன், அண்ணாச்சி, நான் என்று இத்தனை நிபுணர்கள் கூடியிருந்தோம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது ஒரே ஆள். அவரைத்தான் நான் சும்மா இருக்கச் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே போனின் சோதனை முழுக்க முழுக்கத் தரையில் நடந்தது. தெருமுனையில் சோதித்தேன், ஃபுல். மொட்டை மாடியில் சோதித்தேன், ஃபுல். கடற்கரை வரை நடந்து, அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்று சோதித்தேன், ஃபுல். கடலைச் சோதித்துவிட்ட திருப்தியோடு திரும்பினேன்.

இதற்கிடையே அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். கடலுக்குப் போகிற எந்தப் பொருளும் மந்திரிக்காமல் போகக் கூடாது. போட், இன்ஜின், வலை எல்லாம் மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லி மந்திரித்தவைதான். லைஃப் ஜாக்கெட்டையே மந்திரித்தவள் போனை விடுவாளா? பூசை முடிந்ததும் குடும்பமாகப் போய் நின்றோம். சாமியார் போனைப் பார்த்துச் சிரித்தார், தீர்த்தம் பட்டால் கெட்டுப்போகாதா என்று கேட்டார். "வாட்டர் ப்ரூஃப், ஃபாதர்" என்றார் மாமா பெருமையாக. மந்திரிப்பு முடிந்ததும் எல்லோரையும் நிற்க வைத்து அதே போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி 'டிக்கிச்' என்று ஒரு சத்தம். முட்டியில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"சத்தத்த அணைச்சிட்டு எடுப்பா," என்றார் சாமியார்.

அணைக்க முடியவில்லை. ஜப்பானில் விற்கிற போன்களில் கேமரா சத்தத்தை அணைக்கவே முடியாதாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இன்னும் இரண்டு 'டிக்கிச்' எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

மந்திரித்த பொருளுக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. அதை விற்கக் கூடாது, திருப்பிக் கொடுக்கவும் கூடாது. சிம்மை வெட்டியாயிற்று, போனை மந்திரித்தாயிற்று. ஒரு பொருள் வேலை செய்யுமா என்று தெரியும் முன்னாலேயே திரும்பி வரமுடியாத இரண்டு வாசலையும் தாண்டியிருந்தோம். பொத்தான் போனை நானே சார்ஜரோடு சுருட்டி அலமாரி மேல் போட்டேன். அப்பா வசதிக்காகப் புதுப் போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தேன். அப்பாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதை அந்த உற்சாகத்தில் நான் கணக்கில் எடுக்கவில்லை. அம்மாவின் படத்தைத் தொட்டால் அம்மாவுக்கு அடிக்கும்படி செய்து கொடுத்தேன். அதை மட்டும் அப்பா நாலைந்து தடவை பழகிக்கொண்டார். அடுப்படியில் இருந்து அம்மா, "இங்கனதான இருக்கேன், எதுக்குப் போனு!" என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை போனார்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மதியம் இரண்டரைக்கு அம்மா கூப்பிட்டாள்.

"ஏல, இன்னும் அடிக்கலயே."

வழக்கமாக ஒன்றரைக்கு அடித்துவிடும்.

"நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒருத்தி தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்காருங்கா. அது எனக்குத் தெரியாதா? அவிய வெளியதான் போயிருக்காவ."

"நெட்வொர்க் பிஸியா இருக்கும்மா."

"காத்து மாறிட்டுல," என்றாள் அம்மா. "கச்சான் அடிக்கு."

கச்சான் என்பது மேற்கே தரையில் இருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. இன்ஜின் ஓடுகிற போட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. இன்ஜின் நின்ற போட்டை அது இலங்கைப் பக்கம் கொண்டுபோகும். அம்மா உலையை வைக்கவா வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். பட்டம் வாங்கிய பிறகு முதல் தடவையாக, "தெரியலம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு அந்த இணையதளத்தை மறுபடி திறந்தேன். அதே பச்சைகள், அதே ஒரு சிவப்பு. இந்தத் தடவை அந்த ஐந்தின் மேல் விரல் வைத்தேன். சின்ன எழுத்தில் விளக்கம் விரிந்தது: குறைந்த அலைவரிசை, நீண்ட தூரம் செல்லும்.

இது எனக்குத் தெரியும். சும்மா தெரியும் என்பதில்லை, இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கடைசி வருடத்தில் ஐந்து மார்க் கேள்வி. 'அலைவரிசை குறையக் குறைய அலை செல்லும் தூரம் கூடும்' என்று அடிக்கோடிட்டு எழுதி, படமும் போட்டு, ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன். படத்தில் ஒரு டவர், ஒரு மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊரைச் சுற்றி உப்பளம்தான், மலையே கிடையாது. கடல் இருக்கிறது. பதினாறு பாகத்தில் அப்பா இருக்கிறார். எனக்குக் கடலை வரையத் தோன்றவில்லை, மலையைத்தான் வரைந்தேன்.

மானேஜரிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். சித்தப்பா கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ அடிச்சுதா?" என்றார்.

"அடிக்கல சித்தப்பா."

"அடிக்கலன்னா எதுக்குல ஓடி வார?"

"அடிக்க முடியாது சித்தப்பா. அந்தப் போன் அங்கன எடுக்காது. நான்தான் மாத்திக் குடுத்தேன்."

சித்தப்பா வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏறு" என்றார்.

கடலுக்குள் போகப் போக என் போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்னுடையதும் அப்பாவின் கம்பெனிதான், இங்கே வாங்கிய சாதாரணப் போன். கோடு குறைந்தது, ஆனால் சாகவில்லை. கரையில் இருக்கிற அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் குச்சி குச்சியாக மெலிந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன பிறகும் ஒற்றைக் கோடு உயிரோடு இருந்தது. வாந்தி எடுத்தேன். கடல்காரன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் வீட்டு ரகசியங்களில் இன்னொன்று.

பாருக்குக் கொஞ்சம் அப்பால் போட் தெரிந்தது. நகரவில்லை. அப்பா நங்கூரம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கச்சான் இழுக்க இழுக்க கயிறு விறைத்து நின்றது. கூட்டாளி இன்ஜின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு கையில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்குவது மாதிரி. எங்களைப் பார்த்ததும் இறக்கினார்.

போட்டோடு போட் ஒட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஏலே, மேல என்னமோ எழுதியிருக்குதே, அது என்னது?"

வாங்கிப் பார்த்தேன். அழகான தமிழில் எழுதியிருந்தது.

"சேவை இல்லைன்னு எழுதியிருக்குப்பா."

"அத ஞாயித்துக்கெழமயே எழுதியிருக்கலாம்லா," என்றார் அப்பா.

கூட்டாளிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "தம்பி, பன்னெண்டு மணில இருந்து உங்கம்மா படத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்காரு. அது பாட்டுக்கு நடுவுல டிக்கிச்சு டிக்கிச்சுங்கு. கால் போயிட்டு, போயிட்டுன்னு நானும் ஒவ்வொரு தடவையும் எந்திச்சு நிக்கேன். பாத்தா போட்டா புடிக்கி."

திறந்து பார்த்தேன். அப்பாவின் தாடை, அப்பாவின் மூக்குத் துவாரம், வானம், இன்ஜின், மறுபடி தாடை. நாலு கேமராவும் நன்றாகவே வேலை செய்திருந்தன.

சித்தப்பா கயிறு கட்டினார். திரும்பும் வழியில் ஒற்றைக் கோடு பலமாக நின்ற ஒரு இடத்தில் என் போனில் இருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா வெடுக்கென்று வாங்கிக் கட் பண்ணினார். "ஒரு தடவ அடிச்சா போதும். வரத்தான செய்யுதோம்."

வந்தபோது சாயங்காலம். அம்மா கரையில்தான் நின்றாள். மாமாவும் நின்றார், ஆனால் கொஞ்சம் தள்ளி. அம்மா அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஒண்ணு அடிச்சுது, ஆனா ஒன் நம்பர்ல இருந்து அடிச்சுது. அத நான் எந்தக் கணக்குல எடுக்கது?" என்றாள். சோறு வடித்து வைத்திருந்தாள்.

அன்றைக்கே அண்ணாச்சி கடைக்குப் போனேன். வெட்டிய சிம்மைப் பழைய அளவாக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறது. காலி ஜன்னல் மாதிரி இருக்கும், நடுவில் சிம்மைப் பொருத்தினால் பழைய உருவம் வந்துவிடும். "இத மொதல்லயே கேட்டிருந்தா தந்திருப்பேன்லா" என்றார் அண்ணாச்சி. எதை எப்போது கேட்டிருக்க வேண்டும் என்று நான் விசாரிக்கவில்லை. பொத்தான் போன் சார்ஜ் ஏறி, பழையபடி பாலித்தீன் பைக்குள் போனது.

புதுப் போன் என்ன ஆயிற்று? மந்திரித்த பொருள், விற்க முடியாது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. "கடலுக்குன்னு மந்திரிச்சது. கடலுக்கு வரட்டும்" என்று என் சிம்மை அதில் போடச் சொல்லி, மறுநாள் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு போனார். வந்ததும் தீர்ப்புச் சொன்னார். "பழசு பதினாறு பாகத்துலயும் முழிச்சிருக்கு. இந்த ஜப்பான்காரன், புகைபோக்கி ஒண்ணொண்ணாப் பிரிஞ்சு தெரியுத எடத்துக்கு வந்தாத்தான் கண்ணத் தொறக்கான். இது கரைப் போனு."

கரைப் போன், கடல் போன். ஒரே ஒரு பகலில், ஒரு எழுத்துக்கூட வாசிக்காமல், அவர் அந்த இணையதளத்தையும் ஷோரூமையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். விஷயம் கரையில் பரவியது. அடுத்த வாரம் ஒருவர் தன் மகன் சவூதியில் இருந்து அனுப்பிய போனோடு அப்பாவிடம் வந்தார். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் கொண்டு போயிப் பாத்துச் சொல்லுங்க." பிறகு இன்னொருவர். ஆச்சரியம் என்னவென்றால் மொபைல் கடை அண்ணாச்சியே இரண்டு மாடல்களை அப்பாவின் கம்பெனி சிம் போட்டு அனுப்பிவைத்தார், அப்பாவை வாய்க்கு வாய் 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று அழைத்து. அவர் கடையில் இப்போது சில போன்களுக்குப் பக்கத்தில் 'கடலில் சோதித்தது' என்று அட்டை நிற்கிறது. யார் சோதித்தது என்று அட்டையில் இல்லை.

இதில் ஒரு நாள் பெரிய கூத்து நடந்தது. அப்பா கொண்டுபோன மூன்று போன்களையும் பாரில் வைத்துச் சோதித்தார். சோதிப்பது எப்படி? அவருக்குத் தெரிந்த ஒரே நம்பருக்கு மிஸ்டு கால் விடுவதுதான். அம்மாவின் போன் மூன்று தடவை அடித்து நின்றது. அம்மா எந்த நம்பர் என்று பார்க்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். சித்தப்பா போட்டைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அப்பா நடு பாரில் நிம்மதியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று வீட்டில் அம்மா பேசியதை எல்லாம் எழுத முடியாது. கடைசியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "என் போனு ஒண்ணு ரெண்டு மூணுக்கு மட்டுந்தான். மத்த எழவ எல்லாம் படிச்சவன் போனுக்கு அடிக்கச் சொல்லுங்க."

அப்பா என் நம்பரையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டார், அப்படித்தான் இப்போது நடக்கிறது. ஊரார் தரும் போன்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் நான் பிளாஸ்திரி ஒட்டி, என்ன மாடல், யாருடையது என்று எழுதிக் கொடுக்கிறேன். அப்பாவால் அதை வாசிக்க முடியாது. திரும்பி வந்ததும் நான் வாசித்துச் சொல்வதற்காக. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்ததற்கு ஊரில் எனக்குக் கிடைத்திருக்கிற உருப்படியான வேலை இதுதான். மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் ஆபீசில் என் போன் அடித்து நிற்கும். பிறகு இன்னொரு நம்பர். பிறகு இன்னொன்று. எந்த நம்பர் எத்தனை மணிக்கு அடித்தது என்று காகிதத்தில் குறித்துக்கொள்கிறேன். வராத நம்பர்கள் எல்லாம் கரைப் போன்.

"யாருப்பா அது, தினமும் அடிச்சடிச்சு வைக்கது?" என்று மானேஜர் ஒரு நாள் கேட்டார்.

"டெஸ்டிங், சார்," என்றேன். கொஞ்சம் இங்கிலீஷில் சொன்னால் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

நான் சொல்லாத விஷயம் ஒன்று. ஒன்றரைக்குப் பிறகு எனக்கு வேலை ஓடாது. அம்மா கூப்பிடுகிறாளா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூப்பிட மாட்டாள். ஒரு தடவை அடித்து நின்றிருக்கும், உலையை வைத்திருப்பாள், என்னைக் கூப்பிட அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. ஒன்றே முக்கால் வரைக்கும் என் போன் அடிக்காமல் இருந்தால், டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்.